வாசலை அடைக்கும் மாத்திரை

மேல்வீட்டில் சாளை மீன் பொரிக்கிறார்கள். வழக்கம்போல ஜன்னலை அடைக்க எழுந்து, பாதியில் நின்றுவிட்டேன். அந்த வாசனைக்குக் குமட்டிக்கொண்டு ஓடிய நீ இப்போது இந்த வீட்டில் இல்லை. தனியாக நின்றபடி கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ கல்லூரியில் உயிரணு பாடம் நடத்தினாய். நான் துறைமுகத்தில் ஊரார் சரக்கைக் கப்பலேற்றும் ஏஜெண்டு. கல்யாணமான புதிதில், உன் பாடத்தை எனக்குப் புரியவைக்க என் தொழிலைத்தான் இழுத்தாய். உயிரணுவின் உட்கருவைச் சுற்றி மதில், மதிலில் வாசல்கள். வெளியே போகவேண்டிய புரதத்தில் ஓர் அடையாளம் இருக்கும்; அதைப் பார்த்துத்தான் சுமக்கும் புரதம் அதை ஏற்றிக்கொள்ளும். ஆர்.என்.ஏ.வுக்குப் பெரும்பாலும் வேறு வண்டிகள். வெட்டி ஒட்டும் வேலை முடியாத ஆர்.என்.ஏ. வாசலைத் தாண்டாது. சரக்கை வெளியே இறக்கிவிட்டு வண்டி உள்ளே திரும்பிவிடும் என்றாய்.

"காலியாவா திரும்பும்? ரிட்டர்ன் லோடு பிடிக்கத் தெரியாத கம்பெனியால்லா இருக்கு!" என்றேன். நீ அன்று முழுக்கச் சிரித்தாய்.

பிறகொரு நாள் உனக்கு எலும்பு மஜ்ஜையில் புற்று என்றார்கள். முதலில் கொடுத்த மருந்துகள் கேட்கவில்லை. அடுத்து வந்த மாத்திரை அந்தச் சுமக்கும் புரதத்தையே முடக்குவது. புற்றணு தன்னை அடக்கக்கூடிய காவல் புரதங்களை உட்கருவுக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் கொழுக்கிறது, வாசல் அடைபட்டால் காவல் உள்ளேயே நிற்கும் என்று நீதான் விளக்கினாய்.

துறைமுக கேட்டை அரைமணி நேரம் அடைத்தாலே ஆள் பார்க்காமல் திட்டுகிறவன் நான். மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றி, "தாயே, எல்லா வாசலையும் அடைச்சிரு" என்று வேண்டிக்கொண்டு வந்தேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"எல்லாத்தையும் அடைச்சா நல்ல செல்லும்லா செத்துப்போவும்? போயி மாத்தி வேண்டிக்கிட்டு வாங்க."

மறுநாள் போய் மாற்றி வேண்டினேன். ஆனால் மருந்துக்கு நல்லது கெட்டது அவ்வளவாகத் தெரியவில்லை. குமட்டலில் நீ பாதியானாய். வீட்டுக்குள் மீன் வருவது நின்றது. கஞ்சியும் தங்கவில்லை. ஒரு காலையில் மாத்திரையை என் பக்கம் தள்ளிவைத்தாய்.

"போதும்ங்க. தொறந்து விட்ருங்க."

"ஏளா, நிறுத்துனா என்ன ஆவும்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"என்னைவிட யாருக்குத் தெரியும்?"

கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சரி என்றேன். டாக்டரிடமும் நானே சொன்னேன். அதன்பிறகு கிடைத்த கொஞ்ச நாளில் சீலாமீன் குழம்புக்கு மறுசோறு கேட்டாய். அதைப் பார்த்து, பிழைத்துவிடுவாய் என்றுகூட நம்பினேன்.

"நேரத்துக்குச் சாப்பிடுங்க அண்ணாச்சி" என்கிறார்கள் ஆபீசில். சாப்பிடுகிறேன். என் உடம்பிலும் இந்நேரம் எல்லா வாசலிலும் சரக்கு போய்க்கொண்டுதான் இருக்கும். அதற்கு என் சம்மதம் தேவையில்லை. உள்ளே அவ்வளவு நடமாட்டம் இருக்கிறவனுக்கு வீட்டில் பேச ஆளில்லை.

அந்தச் 'சரி'யை இன்னும் சுமக்கிறேன். பாதிரியாரிடம் சொல்லி இறக்கிவைக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை. நீ கடைசியாக என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான்.