யாருடைய புத்தகம் என்று கேட்டபோது

நேற்றுப் பின்னேரம் மகள் போனை நீட்டி, டிஜிட்டல் லொஜிக் படிக்க இந்த இரண்டில் எந்தப் புத்தகம் நல்லது வாப்பா என்று கேட்டாள். திரையில் இரண்டு அட்டைகள், ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு. பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போய் நின்றேன். இதற்குப் பதில் சொல்லத் தகுதியுள்ளவன் நீ. நீ இறந்துபோய் மூன்று மாதமாகிறது, மச்சான்.

யுத்தம் முடிய ஓராண்டோ என்னவோ இருந்த காலம் அது. நான் மாத்தளை டவுன், நீ எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள். இருவரும் கண்டியில் எலெக்ட்ரோனிக்ஸ் படித்தோம். தமிழில் படித்து வந்த நமக்கு ஆங்கில விரிவுரைகளில் பாதிதான் ஏறும். பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கையில், ஒரு புத்தகமாவது வேண்டும் என்று பழைய புத்தகக் கடைக்குப் போனோம். இருந்தவை இரண்டு. தடித்தது பூச்சியத்திலும் ஒன்றிலும் தொடங்கி, லொஜிக் கேட் என்கிற படலைகளை ஒவ்வொன்றாக விளக்கி, மெதுவாக நடந்தது. நிறையக் கணக்குகள், விடைகள் கிடையாது. மெல்லியதில் பக்கத்துக்குப் பக்கம் சுற்றுப்படங்கள்: மணிக்கூடு, கவுண்டர், டைமர். விடைகளெல்லாம் பின்னால் இருந்தன.

நீ தடித்த புத்தகத்தைக் கீழே வைக்கவே இல்லை. "மத்தது எப்படி செய்றதுன்னு மட்டும் சொல்லுது மச்சான். ஏன் அப்படின்னு சொல்லல. ஏன்னு தெரியாம படிச்சு என்ன செய்ய?" என்றாய். பாஸாக வேண்டுமென்றால் படங்கள் போதும், ஏன் என்பதை வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் விடாப்பிடியாக நின்றேன். நீ விட்டுக்கொடுத்தாய். மெல்லியதை நான்தான் வாங்கினேன். பெயர் எழுதவில்லை. ஒரு கிழமை உன்னிடம், ஒரு கிழமை என்னிடம் என்று வைத்துக்கொண்டோம். என் முறை வரும்போது ஓரங்களில் பென்சிலால் தமிழில் குறிப்பெழுதுவேன். டைமர் படத்துக்குப் பக்கத்தில், 'அறுபது விநாடி கழித்து இது வேலை செய்யும்' என்று எழுதியதும் நான்தான்.

புத்தகம் உன் முறையில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஊருக்குப் போகும் வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வெயில். அடையாள அட்டையில் முஸ்லிம் பெயரைப் பார்த்து என்னை ஒரு பக்கம் போகச் சொன்னார்கள். உன் அட்டையை மட்டும் ஒரு சிப்பாய் திருப்பிக் கொடுக்கவில்லை. உன் பையைக் கொட்டினான். புத்தகத்தைப் புரட்டினான், டைமர் பக்கத்தில் நின்றான். அந்த நாட்களில் டைமர் என்றால் அவர்களுக்குக் குண்டுதான். தமிழ் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி, இது யாருடைய புத்தகம் என்று சிங்களத்தில் கேட்டான். உன்னிடம் மட்டுமல்ல, நாம் சேர்ந்து இறங்கியதைப் பார்த்திருந்தான், நம் இருவரிடமும் கேட்டான்.

ஏழெட்டு அடி தூரத்தில் நின்றேன். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பாடப் புத்தகம், என்னுடையது, நாங்கள் மாணவர்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் திறக்கவில்லை. நீ என் பக்கம் திரும்பாமலே, "மகே" என்றாய். என்னுடையது என்று.

பஸ் புறப்பட்டது. நான் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் உன் அம்மாவிடம் வந்து, பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் அவர் என்னோடு நடக்கத் தொடங்கிவிட்டார். பொலிஸ், முகாம், மறுபடி பொலிஸ். அவருக்குச் சிங்களம் வராது, அவர் அழுவதை நான் மொழிபெயர்த்தேன். ஒரு மேசையில், இவருக்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று அதிகாரி என்னைக் கேட்டார். தெரிந்தவர், பேசத் துணைக்கு வந்தேன் என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பரீட்சை எழுதினேன். பாஸானேன். உன்னை எந்த அறையில் வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாத நாட்களில் நான் ப்ளிப்-ப்ளொப் சுற்று வரைந்துகொண்டிருந்தேன்.

பதினான்கு மாதம் கழித்து, குற்றச்சாட்டு ஏதுமில்லாமல் உன்னை விட்டார்கள். வலது கை விரல்கள் மூன்று மடங்கவில்லை. ஈயம் பற்றவைக்கும் இரும்பை அதற்குப் பிறகு நீ பிடிக்கவே இல்லை. பல்லேபொலவில் ஒரு தோட்டத்தில் மிளகு காயவைக்கும் வேலைக்குப் போனாய், அங்கேயே கல்யாணம் செய்தாய். நான் வரும்போதெல்லாம் மழையைப் பற்றியும் மிளகைப் பற்றியும் பேசினாய். ஒரே ஒரு தடவை, சிரித்துக்கொண்டே, "அந்தத் தடிச்சத எடுத்திருக்கலாம், இல்லையா மச்சான்" என்றாய். நானும் சிரித்தேன். அன்றாவது என்னை மன்னித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் வரும்போது வசனத்தை அடுக்கிக்கொண்டு வருவேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போவேன். பதினைந்து வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. பிறகு ஒரு காலையில், மிளகுப் பாயின் மேலேயே உன் நெஞ்சு நின்றுவிட்டது.

எட்டாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி கதிரை போட்டார். இனியும் தாங்க முடியாமல் அவரிடம் சொன்னேன்: புத்தகம் என்னுடையது, அதில் எழுதியதும் நான், கேட்டபோது பக்கத்திலேயே நின்றேன் என்று. அவர் கோபப்படுவார், என்னை எழுந்து போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அதுவாவது கிடைத்தால் போதும் என்றிருந்தது.

"தெரியும் நானா" என்றார், எப்போதும்போல என்னை அண்ணன் முறை வைத்து. "'கையெழுத்து ஒன்னோடது இல்லையே, யாரு எழுதுனது'ன்னு கேட்டுத்தான் முகாம்ல அவரோட வெரல ஒடச்சாங்க. அவரு பேர் சொல்லல. ஒங்ககிட்ட இத பேசக்கூடாது, நானா தாங்கமாட்டாருன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு."

நான் தாங்கமாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. மிளகையும் மழையையும் பற்றி நீ பேசியதெல்லாம் எனக்காகத்தான். நான் கேட்கத் துணியாததை என் காதில் விழாதபடி நீ மறைத்து வைத்திருந்தாய். உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் இடமும் போய்விட்டது. என்னிடம் மிஞ்சியிருப்பது சரியாக மடங்கும் இந்தப் பத்து விரல்களும், அவற்றுக்காக நீ சொல்லாமல் விட்ட என் பெயரும்தான்.