பழைய ஏழு

அம்மாவுக்கு, மகள் மாட்சு வணங்கி எழுதுவது. நான் சுகம். இந்தப் பனியில் அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பட்டு ஆலையில் எனக்கு ஏழாம் நம்பர். வந்த அன்றே அந்த எண்ணின் சித்திர எழுத்தைக் கற்றுக்கொண்டேன், குறுக்கும் நெடுக்குமாய் இரண்டே கோடுதான். என் கிண்ணம், படுக்கை, குளியல் வாளி எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நேற்று ஏழு என்று எழுதிய பொட்டலம் ஒன்று வந்தது. நீங்கள் அனுப்பியதென்று நினைத்து அரிசி அப்பத்தைத் தின்றுவிட்டேன். அடியில் இருந்த காலுறை என் காலில் நுழையவில்லை. கண்காணி ஷிகேயிடம் கேட்டேன்.

"அது பழைய ஏழோட அம்மா அனுப்புனது. அவ இருமி இருமியே செத்துட்டா."

"அவங்க அம்மாவுக்குத் தெரியாதா?"

"சொன்னா அப்பம் வருமாடி? இப்ப நீதானே ஏழு? தின்னு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பம் நன்றாகத்தான் இருந்தது.

எனக்குப் பெரிய காலுறையும் சாறில் கரைக்கக் கொஞ்சம் மிசோ விழுதும் அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் ஏழோடு என் பேரையும் எழுதுங்கள். சங்கு ஊதிவிட்டது, ஓட வேண்டும். என் கடிதம் நின்றுபோனால், எதுவும் அனுப்பாதீர்கள்.

மாட்சு