வளைவில் சாயாதவள்

பிப்ரவரி 2, திங்கள்

கண் டாக்டர் சொன்னதை இவர் வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிட்டார். "கொஞ்சம் பார்த்து ஓட்டச் சொன்னாருடா" என்கிறார் மகனிடம். நான் அந்த அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். டாக்டர் சொன்னது இது: "இடது கண்ணு முடிஞ்சு போச்சுங்க. வலதும் ஓரத்துலேர்ந்து சுருங்கிட்டு வருது. வண்டியை வித்துடுங்க." ஒரு எழுத்து சிந்தாமல் என்னிடம் இருக்கிறது.

பைக்கை விற்பதற்கு முன்னால் ஒருதரம் பாலைவனத்தைத் தாண்டிப் போய்க் கடலைப் பார்க்கணுமாம். பிள்ளைகள் பெரியவர்களான பிறகு நாலு முறை போன பாதைதான். நான் வரமாட்டேன் என்றால் தனியாகக் கிளம்புவார், பிடிவாதத்துக்குப் பிறந்த மனுஷன். வந்தால் இடது பக்கத்துக் கண் நான். வேறு என்ன செய்ய?

கூடாரத்தின் ஜிப் பிய்ந்திருந்தது. தைத்து வைத்தேன். அறுபத்தாறு வயதில் மறுபடி மண்ணில் படுக்கை.

ஹெல்மெட்டுக்குள் வைத்துப் பேசுகிற மிஷின் ஒன்று மகன் வாங்கி வந்தான். இவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இத்தனை நாள் வெளியிலேர்ந்து பேசினா. இனிமே காதுக்குள்ளயே குடித்தனம் பண்ணணுமா?" எல்லோரும் சிரித்தார்கள், மருமகள் உட்பட. இருக்கட்டும்.

பேத்தி இந்த நோட்டைக் கொடுத்து, "டூரை எழுது பாட்டி" என்றாள். என் அஞ்சாங்கிளாஸ் எழுத்து அவளுக்குப் புரியப்போவதில்லை. நல்லதுதான்.

பிப்ரவரி 4, புதன்

மணல் ஆரம்பித்துவிட்டது. ஒரு பாறையின் மறைவில் கூடாரம். காற்று ஓயவே இல்லை. ரொட்டியைக் கடித்தால் பல்லில் மணல் நறநற என்கிறது.

வண்டியில் எங்களுக்குப் பேச்சு கிடையாது, தட்டல்தான். இடது தோளில் தட்டினால் இடது பக்கம் ஏதோ வருகிறது. முதுகில் இரண்டு தட்டு தட்டினால், ஏறிவிட்டேன், கிளம்பு. அந்த இரண்டு தட்டு விழாமல் இவர் கிளட்சை விடமாட்டார். இந்தச் சட்டம் போட்டது நான். ஏன் போட்டேன்?

மூத்தவன் வயிற்றில் ஆறு மாதம். ஒரு பெட்ரோல் பங்க்கில் நான் கை கழுவப் போன நேரம், இவர் பெட்ரோல் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். பின்னால் மனைவி இருக்கிறாளா என்று தெரியாமல்! இரண்டு உயிர் சுமை, அது ஏறாதது தெரியவில்லை. நான் பச்சைச் சேலையில் ஒரு காலி டின் மேல் உட்கார்ந்திருந்தேன். எதிர் டீக்கடைக்காரன் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனான், சாப்பிட்டுத் திரும்பியும் வந்துவிட்டான். அதற்கு அப்புறம்தான் இவர் வந்தார். என்ன சொன்னார் தெரியுமா? "பேச்சுக் கொடுத்தேன், நீ பதில் சொல்லல. கோவமா இருக்கேன்னு நெனச்சேன்."

முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து வளைவில் நான் சாய்வதில்லை. ஓட்டுகிறவர் சாய்ந்தால் பின்னால் இருப்பவளும் சாயணும், அப்போதுதான் வண்டி சுகமாகத் திரும்பும். நான் தூண் மாதிரி நிமிர்ந்திருப்பேன். "சாயேன்டி, வண்டி இழுக்குது" என்று கொஞ்ச காலம் கெஞ்சினார். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார். என் எடை தெரியாதவருக்குத் தெரியட்டும் என்றுதான்.

பிப்ரவரி 5, வியாழன்

நாள் முழுக்க நேர் ரோடு. ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

எழுத்து கோணுகிறது.

இடது பக்கத்திலிருந்து ஒட்டகங்கள் ரோட்டில் ஏறின. ஆளுயரத்துக்கு மேல், மலை மாதிரி. இவர் வேகம் குறையவில்லை. தட்டினேன். குறையவில்லை. முஷ்டியால் குத்தினேன். பிரேக் அடித்ததில் வண்டி பாம்பு மாதிரி நெளிந்து நின்றது. கடைசி ஒட்டகத்தின் மூச்சு என் முழங்கால் மேல் பட்டது.

"பார்த்துட்டேன்" என்றார்.

"எதைப் பார்த்தீங்க?"

"அதான்... மாட்டை."

சாயங்காலம் கேஸ் அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தார். எனக்கு ஊற்றினார். டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். மணல் உறிஞ்சிக்கொண்டது. அவர் பாட்டுக்கு, "சூடா இருக்கு, பார்த்துக் குடி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் காலி டம்ளரை எடுத்து, குடிக்கிற மாதிரி வாயில் வைத்துக்கொண்டேன்.

வலது கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. டாக்டர் சொன்னதைவிட வேகமாக. நான் யாரிடம் சொல்வேன்? இங்கே போன் எடுக்கவில்லை. சாவியைப் பிடுங்கி மணலில் எறியலாமா? எறிந்தால் இங்கேயே காய்ந்து சாகணும். ஏறினால்?

கடைசியில் கேட்டேவிட்டேன். "சாகத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?"

அடுப்பைத் தடவி அணைத்தார். பிறகு, "கடலை ஒருதரம் பார்த்துடறேன். வெளிச்சம் இருக்கும்போதே. அப்புறம் நீ உட்காருன்னு சொன்ன இடத்துல உட்கார்றேன், கணக்குப்பிள்ளை" என்றார். எதையும் மறக்கமாட்டேன் என்று எனக்கு வைத்த பெயர். கிண்டல் மாதிரி சொன்னார். குரல் கிண்டலாக இல்லை.

இன்னும் இரண்டு நாள் ஓட்டம். மெதுவாகப் போகணும், நான் சொன்னால் நிற்கணும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பாவி. பாவி மனுஷன். மறுபடியும் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

பாலைவனத்தின் கடைசி பங்க் இது. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தேன், வண்டி இல்லை. ரோடு காலியாகக் கிடக்கிறது. கைப்பை தோளில் இருந்ததால் இந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பெட்ரோல் போடுகிறவர், மீசை நரைத்த ஆள், தலையைச் சொறிகிறார். "பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சான்மா. நான்தான் அவர் முதுகுல ரெண்டு தட்டு தட்டி, நகருங்கய்யான்னேன். சட்டுனு கிளம்பிட்டார்."

இரண்டு தட்டு! என் சட்டமே எனக்குக் குழி வெட்டியது. சரி, தட்டு விழுந்தது. எடை? முப்பத்தெட்டு வருஷமாகப் பின்னால் சுமந்த எடை, அது தெரியாதா ஒருத்தனுக்கு? மூட்டை முடிச்சு இருந்தால் போதுமா?

வெயில் ஏறி இறங்குகிறது. இன்னும் வரவில்லை. அன்றைக்கு டின். இன்றைக்கு பிளாஸ்டிக் நாற்காலி. இதுதான் நான் கண்ட முன்னேற்றம்.

வரட்டும். இந்த ஜென்மத்தில் பேசமாட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இப்போது எழுதுவது கடற்கரை ஊர் ஆஸ்பத்திரி வராந்தாவில்.

நேற்றுச் சாயங்காலம் தண்ணீர் லாரிக்காரர் ஒருத்தர் என்னை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் என்னைத் தேற்றுவதாக நினைத்து, "என் சம்சாரம் என்னை இறக்கி விட்டுட்டுப் போற ரகம்மா, நீங்க பரவாயில்ல" என்று பேசிக்கொண்டே வந்தார். ஊசி மாதிரி நேர் ரோடு. முதல் வளைவு வந்தது. அதைத் தாண்டியதும் லாரிக்காரர் பேச்சை நிறுத்தினார்.

ரோட்டை விட்டுக் கீழே, மணலில், வண்டி சாய்ந்து கிடந்தது. அதன் அடியில் இவர்.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். உதடு வெடித்திருந்தது. மூச்சு இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பாவி, பாவி என்று எழுதிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இவர் இங்கே கிடந்திருக்கிறார். அதை இனி எந்த ரப்பரால் அழிப்பேன்?

இவரைத் தூக்கி ஏற்றியபோது லாரிக்காரர் மெதுவாகச் சொன்னார்: "வண்டி முகத்தைப் பாருங்கம்மா."

பார்த்தேன். ஹெட்லைட் கடல் பக்கம் இல்லை. பங்க்கைப் பார்த்து இருந்தது. வளைவு முடிகிற இடத்திலேயே ரோட்டில் கருப்பாகப் பெரிய வட்டமாகத் தேய்ந்த டயர் கோடு. அங்கேயே திருப்பியிருக்கிறார். இடது பக்கம் ரோடு முடிந்தது தெரியவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

இடுப்பு, விலா, உள்ளே ரத்தக்கசிவு. "வயசாயிடுச்சு, பார்க்கலாம்" என்கிறார் டாக்டர். மகன் வந்துகொண்டிருக்கிறான்.

மதியம் முழு நினைவு வந்தது. முதல் கேள்வி: "நீ எங்கடி விழுந்தே?"

"நான் விழல. பங்க்லயே இருந்தேன். தட்டினது அந்த மீசைக்காரர்."

கண்ணை மூடிக்கொண்டார். "விழுந்துட்டேன்னு நெனச்சேன். எங்க விழுந்தா, எப்ப விழுந்தான்னு..."

"வளைவு வரைக்கும் தெரியலையா?"

"நேர் ரோட்டுல மூட்டைக்கும் உனக்கும் என்னடி வித்தியாசம்." சிரிக்கப் பார்த்தார், விலா விடவில்லை. "வளைவுல வண்டி வெண்ணெய் மாதிரி சாஞ்சுச்சு. அப்படிச் சாஞ்சதே இல்ல இத்தனை வருஷத்துல. அப்பவே உயிர் போச்சு எனக்கு. நீ இருந்தா அப்படிச் சாயுமா?"

போர்வையை இழுத்துவிட்டேன். வீம்புக்காக நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த மனுஷன் அதை நான் என்று நினைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

இங்கே ஜன்னலைத் திறந்தால் தெரிவது ஆம்புலன்ஸ் நிறுத்துகிற இடம். கடல் நாலு தெரு தள்ளி இருக்கிறதாம். அலைச் சத்தம் கேட்கக்கூட இல்லை.

பிப்ரவரி 11, புதன்

மகன் வந்துவிட்டான். இவருக்கு அவன் முகம் தெரியவில்லை. குரலை வைத்துத்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

விடியும்போது உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். "ஏறிட்டியா?"

தோளில் இரண்டு தட்டு தட்டினேன்.

தட்டாமல் இருந்திருக்கலாம். தட்டாமல் அவர் கிளம்பமாட்டார் என்று உலகத்திலேயே தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பிப்ரவரி 14, சனி

நேற்றுத் தகனமெல்லாம் முடிந்தது.

பிப்ரவரி 15, ஞாயிறு

உள்ளூர் மெக்கானிக் வண்டியின் ஹேண்டிலை நிமிர்த்திக் கொடுத்துவிட்டார். "அப்பா பார்க்கணும்னு சொன்ன கடலைப் பார்த்துட்டு ஊருக்குப் போலாம்மா" என்றான் மகன்.

பின்னால் ஏறினேன். என் கை தானாக எழுந்தது. நான் தட்டுவதற்குள் அவன் கிளப்பிவிட்டான். அவனுக்கு எப்படித் தெரியும்?

கடலை ஒட்டிய ரோடு வளைவு மேல் வளைவு. அவன் சாய்ந்தான். வண்டி தடுமாறியது. "அம்மா, கொஞ்சம் சாஞ்சுதான் உட்காரேன், வண்டி இழுக்குது" என்று திரும்பிக் கத்தினான்.

இழுக்கட்டும் என்று நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.