மேனேஜர் பாய் ஏன் வாலாஜாபாத் போகவில்லை

பாய்,

நேற்று தூறலில் நனைந்த பூப்பந்து ஒன்று உருண்டு வந்து என் செருப்பில் முட்டி நின்றது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஈரக் கம்பளி நாற்றம். மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ நீங்கள் பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது என்பதும், உங்கள் பெயரில் நடக்கிற ஆட்டத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் அப்புறம்தான் உறைத்தது. உங்கள் வீட்டார் வேண்டாம் என்று சொல்லியும் உங்கள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. மைக்கில் ஒரு பேச்சாளர் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் ஆறு இட்லி மட்டும் இறங்கியது.

"நல்ல மனிதர். ஆனால் துணிச்சல் போதாது. வாலாஜாபாத் இறுதி ஆட்டத்தில் சென்னை அணிக்குப் பயந்து, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகாமலே இருந்துவிட்டார்." இதுதான் அவர் பேசியது. அந்த ஆட்டம் நடந்த காலத்தில் அவர் அரைஞாண் கயிற்றோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்திருப்பார். அவருக்கு என்ன தெரியும்?

உங்களுக்கா துணிச்சல் இல்லை? பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை ரிப்பேர் கடை வைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஒரு நாளும் மட்டையைக் கையில் பிடிக்காமல், காஞ்சிபுரத்துக்கு ஓர் அணியை உண்டாக்கிய ஆள் நீங்கள். ஆட்டக்காரனைத் தேடி மைதானத்துக்குப் போக மாட்டீர்கள். தறி வீடுகளுக்குப் போவீர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று, எவன் தறியில் இழை ஓட்டும் நாடாவை வலது கையால் எறிந்த வேகத்திலேயே இடது கையாலும் எறிகிறான் என்று பார்ப்பீர்கள். "ரெண்டு கையும் பேசுற ஆளு வேணும்பா. ஒரு கை மட்டும் பேசுறவன் ஊர்ல நெறைய கெடக்கிறான்" என்பீர்கள். அப்படிப் பிடித்ததுதான் நரசிம்முலுவை. நடு ஆளாக நின்றான். அவனைத் தாண்டிப் பந்து போனதே இல்லை. என்னை மட்டும் நீங்கள் தேடவில்லை, நானே வந்தேன். நான் எட்டாம் வகுப்பின் வாசல் வரைக்கும் போனவன், உள்ளே எனக்கு இடம் போதவில்லை. ஆனால் நான் ஓங்கி அடித்தால் பந்து பிய்ந்து, அதன் கம்பளி நூல் மாகறல் கோயில் கோபுரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

"மாகறலா? போன வாரம் செவிலிமேடுன்னே" என்று கேட்பீர்கள். கேட்டாலும் சிரித்துக்கொண்டே கேட்பீர்கள்.

அந்தக் கறுப்புக் குடையை யார் மறந்தார்கள்? கோட்டுக்கு வெளியே நின்று நீங்கள் குடையை விரித்தால் எல்லாரும் பின்னால் போக வேண்டும். மடக்கினால் பந்தை வலைக்குப் பக்கத்தில் சொட்டென்று போட வேண்டும். ஆரணியில் எதிரணிக்காரர்கள் இதைக் கண்டுபிடித்து நடுவரிடம் முறையிட்டார்கள். அவர் உங்களிடம் வந்து கேட்டார்.

"இன்னா பாய், குடையில சிக்னல் குடுக்கிறீங்களாம்?"

"வெயில் அடிக்குது, விரிக்கிறேன். மேகம் வருது, மடக்குறேன். நான் குடைக்காரன் சார்."

அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகமும் இல்லை. ஆனாலும் போய்விட்டார். அன்று ஜெயித்தோம். வந்தவாசியில் ஜெயித்தோம். ஒரு தடவை எனக்கு நூற்று நான்கு டிகிரி காய்ச்சல். டாக்டரே கோட்டில் நின்று என் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்க நான் ஆடி ஜெயித்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன் பாய். இதில் ஒரு சொல் கூட்ட மாட்டேன்.

வாலாஜாபாத்தில் இறுதி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை. காலையில் நாங்கள் நான்கு பேரும் பஸ் ஸ்டாண்டில் இருந்தோம். நரசிம்முலு வரவில்லை. அவனைக் கூட்டி வர நீங்கள் கிளம்பினீர்கள், நாங்களும் பின்னால் வந்தோம். அவன் தெருவில் பாவு நீட்டியிருந்தது. தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளைக் கழிகளில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காய்வதற்காக விட்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் வேலையை முடித்துவிடலாம் என்று விடியும்போதே போட்டிருக்கிறான். பாவு நீட்டினால் கழிகளைப் பிடிக்கத் தெருவே வரும், அதுதான் வழக்கம். அன்று தெருவில் ஓர் ஆண்பிள்ளை இல்லை. எல்லாரும் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க முதல் பஸ்ஸிலேயே வாலாஜாபாத் போய்விட்டார்கள். இருந்தது நரசிம்முலு, அவன் அப்பா, அவன் அம்மா, அவ்வளவுதான். பாலாற்றுப் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

கஞ்சி ஈரத்தின் மேல் மழை விழுந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு சுருட்டினாலும் ஒட்டும். இழுத்த விறைப்புத் தளராமல் எல்லாரும் ஒரே அடியாக நடந்து அதைக் கூரைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். தெருமுனையில் திருவிழாவுக்குச் சாமி வந்து இறங்குகிற நீள மண்டபம் இருந்தது.

நான் சொன்னேன்: "பாய், பஸ்ஸு வந்துக்கினு இருக்குது. நாம நாலு பேரு போயிடலாம். அஞ்சாவது ஆளா நீங்களே நில்லுங்க."

"நான் நின்னா பந்து சிரிக்கும். வாய மூடிக்கினு அந்தக் கழியப் புடி."

குடையை யார் வீட்டுச் சுவரிலோ சாய்த்துவிட்டு, முன்முனைக் கழியை நீங்கள் பிடித்தீர்கள். எங்கள் முகங்களைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தீர்கள். "இழு. தளர வுடாத. நரசிம்மு, கண்ணத் தொடைக்காத, கை போயிடும். அழுவுறத அப்புறம் அழுதுக்கலாம்." மண்டபத்துக்குள் கடைசிக் கழி நுழைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. உங்கள் முதுகு மட்டும் வேர்வையில் நனைந்திருந்தது. பாவு நனையவில்லை.

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனாலும் நேரத்துக்குச் சேர முடியாது. வாலாஜாபாத்தில் ஒரு சொட்டு மழை இல்லையாம். ஆட்டம் ஆடாமலே சென்னைக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நரசிம்முலு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டான். "பாய், என்னாலதான்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"இன்னான்னு சொல்லுவே? ஆளு இல்லாம பாவு நீட்டினேன், மழை வந்துடுச்சுன்னா? பட்டு உன்னுதா? முதலாளி காதுக்குப் போனா அடுத்த பாவு குடுப்பாரா? தறி காலியா நிக்கும்பா. மேனேஜர் பயந்துட்டாருன்னு சொல்லிக்கட்டும். குடை ரிப்பேருக்கு வர்றவன், தைரியசாலியான்னு பாத்தா வர்றான்?"

எங்கள் எல்லாரிடமும் சத்தியம் வாங்கினீர்கள். ஊர் உங்களை விட்டுவைக்கவில்லை. கடைக் கதவில் யாரோ கண்ணாடி வளையல்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். நீங்கள் அவிழ்த்துப் பக்கத்து வளையல் கடையில் கொடுத்து, "யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கபா" என்றீர்கள். அந்த வருடமே மேனேஜர் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் குடையே பிடிக்கத் தெரியாதவர். அணி அதோடு படுத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். கடித்த கடியில் இரண்டு பல் போனது.

இப்போது கேளுங்கள். நேற்று மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் யார் தெரியுமா? நரசிம்முலு. இன்று அவனே முதலாளி. தெருத் தெருவாகத் தறிக்காரர்களுக்குப் பாவு கொடுக்கிறான். உங்களைப் பயந்தவர் என்று மைக்கில் சொன்னபோது, மடியில் இருந்த சால்வையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான். நான் மேடைக்குப் பின்னால் போய் அவனைப் பிடித்தேன்.

"ஏம்பா, கேட்டுக்கினுதானே இருந்தே?"

"பாய்க்குச் சத்தியம் பண்ணிருக்கேன் அண்ணா."

"எந்த முதலாளிக்குப் பயந்து பண்ண சத்தியம்? இப்ப நீதானே முதலாளி?"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். "மெதுவா பேசு அண்ணா. போன மாசம்தான் பாவு நனைச்சவனுக்கு நூல் நிறுத்தினேன். நானே ஒருநாள் அப்படிப் போட்டவன்னு தெரிஞ்சா, எவன் எனக்கு அடங்குவான்?"

பாய், அந்தத் தறிக்காரனுக்குக் கழி பிடிக்க ஓர் ஆள் வரவில்லை. நீங்கள் யாருக்காக வளையல் வாங்கிக்கொண்டீர்களோ, அவனே அடுத்தவன் தறியைக் காலியாக நிற்க வைக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே மேடை ஏறி மைக்கைப் பிடித்தேன். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். மேகம் வந்த திசை முதல் நீங்கள் பின்னால் நடந்த நடை வரைக்கும்.

சிரித்தார்கள் பாய். "மாமா ஆரம்பிச்சுட்டாருடா" என்று ஒருவன். "மண்டபத்தையும் சேத்துத் தூக்கினியா மாமா?" என்று இன்னொருவன். மைக் செட்டுக்காரன் ஒயரைப் பிடுங்கினான். நான் ஒயர் இல்லாமலே கடைசி வரை சொன்னேன். நரசிம்முலு ஒரு வார்த்தை எழுந்து சொல்லியிருந்தால் போதும், அத்தனை சிரிப்பும் அடங்கியிருக்கும். அவன் கார் ஏறிப் போய்விட்டான். கோபுரத்தில் நூல் ஒட்டிய கதையை இந்த ஊர் நம்புகிறது, அந்த நூலைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட இருக்கிறார்கள். உங்கள் கதையை மட்டும் நம்பவில்லை.

நம்பாவிட்டால் போகட்டும். நூல் நிறுத்தப்பட்ட அந்தத் தறிக்காரன் வீட்டுக்கு இன்று காலையில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவன் சிரிக்கவில்லை. "எந்த மண்டபம்?" என்று மட்டும் கேட்டான். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். நாளைக்கு அடுத்த தெரு. கோபம் மட்டும் எனக்குத் தீரவில்லை பாய், தீரவும் வேண்டாம். அது தீர்ந்துவிட்டால், மறுபடி எவனாவது உங்களைப் பயந்தவர் என்று சொல்வான், நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.