காலையில் ஆரஞ்சு வாசனை

நவம்பர் 4

இன்று மானம் போனது. குழந்தைகள் காப்பகத்து வாசலில் ஒரு பயலின் வாயை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அப்பா திரும்பி வந்துவிட்டார்.

"என்னம்மா பண்றீங்க?"

"கொஞ்சறேன் சார்."

வேறென்ன சொல்ல? காய்ச்சல் மருந்துக்கு ஆரஞ்சு வாசனை. வீட்டில் ஒரு மூடி ஊற்றிச் சூட்டை அடக்கி, இங்கே விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். மதியத்துக்குள் பிள்ளை அடுப்பாய்க் கொதிக்கிறது.

நவம்பர் 6

எல்லா மூக்கும் ஒழுகுகிறது. காய்ச்சல் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பலாம் என்று காப்பகம் நடத்தும் மேடத்திடம் சொன்னேன்.

"லீவு போட்டா அவங்க சம்பளம் போகும் ஆயாம்மா. எங்க போவாங்க?"

அதுவும் நிஜம்தான். அதனால்தான் இன்னும் எரிச்சல். யாரைத் திட்டுவது? மூக்கு துடைக்கிற துண்டைத் திட்டினேன்.

என் கவலை குண்டூசி. குறைமாதத்தில் பிறந்தவள், பேர் நான் வைத்தது. அம்மா பஸ் கண்டக்டர். அவள் தொட்டிலை ஜன்னலோரம் தள்ளி வைத்தேன். சளிப் பிள்ளைக் கூட்டம் அங்கேயும் போய் முத்தம் கொடுக்கிறது.

நவம்பர் 10

குண்டூசி இருமுகிறாள். உடம்பு சுடவில்லை. அப்பாடா.

நவம்பர் 11

பால் குடிக்கவில்லை. மூச்சு இழுக்கும்போது விலாவில் குழி விழுந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு குழந்தை.

"வருஷா வருஷம் இந்த சீசன்ல வர்ற வைரஸ்தாம்மா. பெரிய பிள்ளைங்களுக்கு வெறும் சளி. இவளுக்கு மூச்சுக்குழாயே அடைக்குது" என்றார் டாக்டரம்மா.

வருஷா வருஷம் வருகிறதென்றால், இன்னும் நாலு கட்டில் போட்டால் என்ன?

கண்டக்டர் டிக்கெட் பையோடு ஓடி வந்தாள். "நேத்தும் இன்னிக்கும் மருந்து குடுத்துட்டுத்தான் விட்டேன் அக்கா. லீவு தரமாட்டேன்னுட்டாங்க."

ஊர்ப் பிள்ளைகள் வாயெல்லாம் மோந்தேனே. குண்டூசியை மோந்தேனா?

நவம்பர் 14

குண்டூசி மூக்கில் ஆக்சிஜன் குழாய். மேடத்தோடு சண்டை. "மருந்து குடுத்தா உள்ள விடாதீங்க. வராத நாளுக்கு ஃபீஸும் கேக்காதீங்க. இல்லன்னா நாளைக்கு நீங்களே மூக்கு துடைங்க."

நவம்பர் 15

நான் போகவில்லை. மேடமே மூக்கு துடைத்தார். மதியமே, சொன்னதெல்லாம் சரி, வாங்க என்று ஆள் அனுப்பிவிட்டார்.

நவம்பர் 17

குழாயை எடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 24

குண்டூசி காப்பகத்துக்கு வந்துவிட்டாள். மேடம் வாசலில் நின்று ஒருவர் விடாமல் கேட்கிறார், மருந்து கொடுத்தீர்களா என்று. என்னையும் கேட்டார்.

"ராத்திரி உடம்பு சுட்டுது. காலையில ஒரு மாத்திரை போட்டேன்."

"அப்ப வீட்டுக்குப் போங்க ஆயாம்மா."

வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குண்டூசி பால் புட்டியைக் காலி செய்துகொண்டிருந்தாள். இரண்டு கையையும் ஆட்டினேன். கையிலிருந்த சாப்பாட்டு டப்பா சாக்கடையில் விழுந்தது. மூடி மட்டும் கிடைத்தது.