ரத்தா, சரியா

ஸ்வீடன்,
12 ஜனவரி 2025

அன்புள்ள ஜொஹரா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே ஒன்பது மணிக்குத்தான் விடிகிறது, மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மற்றபடி உன் தங்கைக்கு ஒரு குறையும் இல்லை.

"பாசிலா அங்கிட்டு என்னதான் படிக்கிறா?" என்று கறம்பக்குடியில் எல்லாரும் உன்னைக் குடைகிறார்கள் என்றாயே. இப்படிச் சொல்லிவிடு: மனிதர்கள் போனிலும் கணினியிலும் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, அந்தக் கருவியைத் திருத்துகிற படிப்பு. ஆள் தடுமாறினால் தப்பு ஆளுடையது அல்ல, கருவியுடையது என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம்.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். குரல் பதிவுகளைத் தேதிவாரியாக அடுக்கித் தரும் செயலி ஒன்றைச் செய்திருக்கிறேன். ரபீக் மச்சான் சவூதி தம்மாமிலிருந்து உனக்குப் பேசி அனுப்பியதெல்லாம் போனில் சிதறிக் கிடக்கிறதே, அவற்றை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். வேறு யாருடைய பதிவையாவது கொடுத்தால் நீ அக்கறையாகப் பார்க்க மாட்டாய். நான் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருப்பேன், எல்லாம் பதிவாகும். மனதில் நினைப்பதை நீ வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். நான் மட்டும் வாய் திறக்க மாட்டேன். அது விதி.

இது நல்லபடியாக முடிந்தால்தான் எனக்கு ஆய்வேடு. மாட்டேன் என்று சொல்லிவிடாதே.

உன் செல்லத் தங்கை,
பாசிலா

*

கறம்பக்குடி,
20 ஜனவரி 2025

அன்புத் தங்கை பாசிக்கு,

வ அலைக்கும் ஸலாம். எனக்கு டைப் அடிக்க வராது. காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ வாய் திறக்காமல் இருக்கப்போகிறாயா? பிறந்ததிலிருந்து நடக்காத காரியம். அதைப் பார்ப்பதற்காகவாவது நான் சம்மதிக்கிறேன்.

ஆனால் ஒன்று. உன் மச்சானை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மையித்தின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. எனக்கென்று மிஞ்சியது இந்தக் குரல் மட்டும்தான். "ஜொஹரா, இன்னக்கி மீன் ஆணம் வச்சேன், உப்பு பத்தல" என்று ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமல் நான் அடுப்புப் பற்றவைப்பதில்லை. நீ பத்திரமாகப் பார்த்துக்கொள்வாய் என்றுதான் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு எனக்கு வசதி. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ராத்தா,
ஜொஹரா பீவி

*

கறம்பக்குடி,
27 ஜனவரி 2025

பாசி,

நேற்றிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. எல்லாம் போய்விட்டது. இன்று புதுக்கோட்டைக்குப் போய் போன் கடைக்காரரிடம் காட்டினேன். "உள்ள ஒண்ணுமே இல்லம்மா, அடியோட அழிஞ்சிருச்சு" என்கிறார்.

நடந்ததைச் சொல்கிறேன், எந்த இடத்தில் தப்பு செய்தேன் என்று நீதான் சொல்ல வேண்டும். மீன் ஆணத்தைப் போட்டுக் கேட்டேன், நீயும் சிரித்தாய். அடுத்து, "பழைய பதிவுகளை நிரந்தரமாக நீக்கவா?" என்று வந்தது. கீழே ஒரு கட்டத்தில் ரத்து, இன்னொன்றில் சரி. நீக்குவதென்றால் அங்கிருந்து எடுத்து இங்கே வைப்பதாக்கும் என்று நினைத்தேன். ரத்து என்று கண்டதுமே விரலை இழுத்துக்கொண்டேன். உன் மச்சானுக்கு விசா ரத்து என்று சேதி வந்தபோது நாம் பட்டதையெல்லாம் நீயும் பார்த்தவள். மறுபடி விசா எடுத்துப் போன மனிதர்தான் திரும்பவேயில்லை. நம் தெருவில் எந்தப் பெண்பிள்ளை அந்தச் சொல்லைக் கையால் தொடுவாள்? "இந்த முசீபத்துப் புடிச்ச ரத்து நமக்கு வேணாம், சரின்னே போடுறேன்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன்.

அந்நேரம் உன் பக்கம் நெட் போயிருக்கும். இல்லாவிட்டால் நீ கத்தியிருப்பாய், விதியாவது மண்ணாவது.

ஏதாவது வழி இருக்கிறதா? படித்தவள் நீ, சொல்லு.

ராத்தா

*

ஸ்வீடன்,
30 ஜனவரி 2025

அன்பு ராத்தா,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நீ நினைத்தது சரிதான், அந்த நேரம் பார்த்து நெட் போய்விட்டது. திரும்ப வந்தபோது நீ அழுத்தியிருந்தாய். மீட்க வழியில்லை, இங்கே எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். அல்லாஹ் நாடியது அவ்வளவுதான். உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. தப்பு அந்தக் கட்டத்தினுடையது.

ஒரு நல்ல சேதியும் உண்டு. வளைகுடாவுக்குப் போனவர் வீட்டுப் பெண்கள் 'ரத்து'வைத் தொட மாட்டார்கள் என்பதை இதுவரை யாரும் எழுதவில்லையாம். என் புரொபசர் துள்ளிக் குதித்தார், "தங்கம்" என்றார். உன் புண்ணியத்தில் எனக்குக் கிடைத்தது!

சம்மதப் படிவம் ஒன்றை இணைத்திருக்கிறேன். முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டியது, அவசரத்தில் விட்டுப்போயிற்று. எப்போது வேண்டுமானாலும் நீ விலகலாம், விலகினால் உன் பதிவு முழுவதும் பிரதிகூட மிஞ்சாமல் அழிக்கப்படும் என்றெல்லாம் இருக்கும். வெறும் சம்பிரதாயம், பயந்துவிடாதே. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் செல்லத் தங்கை,
பாசிலா

*

கறம்பக்குடி,
8 பிப்ரவரி 2025

அன்புப் பாசிக்கு,

போனைத் தொட மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்புகிறேன். நீயாவது நன்றாக இரு.

நேற்று அடுப்படியில் நிற்கும்போது ஒன்று தோன்றியது. நெட் போவதற்கு முன்னால்தானே மீன் ஆணம் ஓடியது? நீ சிரித்தாயே? அப்படியானால் உன் பதிவில் அவர் குரல் இருக்கும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி அனுப்பு, தாயே. வேறொன்றும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

ராத்தா

*

ஸ்வீடன்,
3 மார்ச் 2025

அன்பு ராத்தா,

கோபப்படாமல் கேள். பதிவில் ஒரு துண்டைக்கூட வெளியே தர இங்கே அனுமதி இல்லை. அதிலும் மச்சான் மூன்றாம் நபர். அவரிடம் சம்மதம் வாங்கவில்லை, இனி வாங்கவும் முடியாது. நான் என்ன செய்ய?

ஒருவகையில் நல்லதென்றே நினைத்துக்கொள். தினமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தால் நீ எப்போதுதான் வெளியே வருவாய்? மே மாதம் துறையில் எல்லார் முன்னாலும் பேசப்போகிறேன். எனக்காக துஆ செய்.

பாசிலா

*

கறம்பக்குடி,
2 ஜூன் 2025

பாசிலா,

நீ மேடையில் பேசிய வீடியோவை நீயேதான் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறாய். நான் போனைத் தொடுவதில்லை என்ற தைரியம். ஷேக் தாவூது சாச்சா, "நம்ம புள்ள எம்புட்டு அழகா பேசுது பாரு ஜொஹரா" என்று வீடு தேடி வந்து காட்டினார். இங்கிலீஷையெல்லாம் தமிழில் சொன்னார்.

அதில் அன்றைய சோதனைப் பதிவைத் திரையில் ஓட்டுகிறாய், என் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருக்கிறாய். என் குரலை விட்டுவிட்டாய். முசீபத்துப் பிடிச்ச ரத்து என்று நான் சொன்னதும், கீழே ஓடும் இங்கிலீஷைப் படித்து அரங்கமே சிரிக்கிறது. உன் மச்சான் பேசுகிற இடத்தை மட்டும் கூ என்ற சத்தத்தால் அடைத்திருக்கிறாய்.

மூலையில் சின்னக் கட்டத்தில் நீ இருக்கிறாய். உன் முகம் மங்கலாக இல்லை. என் விரல் போகும்போது நீ முன்னால் சாய்கிறாய். கையால் வாயைப் பொத்துகிறாய். நான் அழுத்திய பிறகு குனிந்து எதையோ எழுதுகிறாய். நெட் எங்கே போயிற்று, பாசிலா?

சாச்சா என் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விட்டார்.

உன் படிவத்தில் புரொபசரின் விலாசம் இருக்கிறது. நான் விலகுகிறேன். சாச்சா இங்கிலீஷில் எழுதித் தருவார்.

ஜொஹரா

*

ஸ்வீடன்,
18 ஜூன் 2025

ராத்தா,

அவசரப்படாதே, உன் காலில் விழுகிறேன். ஆய்வேடு முழுக்க அந்த ஓர் இடத்தின் மேல்தான் நிற்கிறது. ஆகஸ்டுக்குள் கொடுக்காவிட்டால் எனக்கு இங்கே விசா நீளாது.

ஆமாம், பார்த்தேன். புரொபசர் பக்கத்தில் இருந்தார். நான் வாய் திறந்திருந்தால் சோதனையே செல்லாது. நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்?

நன்றாக யோசி. அசல் பதிவில் மச்சான் குரல் முழுதாக இருக்கிறது. நீ விலகினால் அதையும் சேர்த்துத்தான் அழிப்பார்கள். அவர் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. நீ எழுதாமல் இருந்தால், ஆய்வேட்டைக் கொடுத்த மறுநாளே வெட்டி அனுப்புகிறேன். அனுமதியை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு எது வேண்டும் என்று நீயே முடிவு செய்.

உன் தங்கை,
பாசிலா

*

கறம்பக்குடி,
14 ஜூலை 2025

பாசிலாவுக்கு,

சாச்சா எழுதித் தந்ததை நான் அனுப்பாமல்தான் வைத்திருந்தேன். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள், அவள் படிப்பைக் கெடுப்பானேன் என்று இருந்தது. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அனுப்பச் சொன்னேன்.

அவர் குரலைக் காட்டி என்னிடம் பேரம் பேசினாய். அது உன் கையில் இருப்பதைவிட எங்குமே இல்லாமல் போகட்டும். இதைச் சொல்ல எனக்கு நெஞ்சு வெடிக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

நேற்று புரொபசரின் பதில் வந்தது. எல்லாவற்றையும் அழித்தாயிற்று, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று மரியாதையாக எழுதியிருக்கிறார். உனக்கும் சேதி வந்திருக்கும்.

ஊருக்கு வந்தால் அம்மா வீட்டோடு நின்றுகொள். எனக்குத் தங்கை இல்லை என்று தெருவில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். முதல் தடவை நாக்குக் கூசியது. இப்போது கூசவில்லை.

முகமது ரபீக் மனைவி,
ஜொஹரா பீவி