முந்நூற்று ஒன்றாவது தாள்

கெட்டில் கிரீக், நெப்ராஸ்கா
நவம்பர் 9, 1986

அன்பு மகள் மார்செலாவுக்கு,

அப்பா இங்கே சுகமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை நீலும் குழந்தை ஐடாவும் நியூசிலாந்தில் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன், ஏனென்றால் உன் போன கடிதம் வந்து இருபத்தாறு நாள் ஆகிறது, குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை, காலண்டரில் குறித்து வைக்கும் பழக்கத்தால் தெரிகிறது, அவ்வளவுதான். இங்கே வியாழக்கிழமை முதல் பனி விழுந்தது. அங்கே வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். ஐடா எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள் என்று எழுதியிருந்தாய், கணப்புக்கு முன்னால் கம்பித் தடுப்பு வைத்துவிட்டாயா. என் முழங்கால் பரவாயில்லை. சமையலும் ஒருவாறு பழகிவிட்டது, உருளைக்கிழங்கு சூப் மட்டும் எப்படி வைத்தாலும் இரண்டு பேருக்கு வந்துவிடுகிறது, மறுநாளும் அதையே குடிக்கிறேன். பக்கத்து வீட்டுத் திருமதி ஸ்டுலிக் ஞாயிறுதோறும் பழம் வைத்த ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன், நான் நினைத்து முடிப்பதற்குள் அவள் படியிறங்கிவிடுகிறாள்.

இந்த உறைக்குள் மடித்த தாள் ஒன்று இருக்கும். அதைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்து முடித்துவிடு, அது எப்படி வந்தது என்று தெரியாமல் நீ பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் வரலாற்றுக் கழகம் ஆண்டுக்கொரு படம் வெளியிடுவது உனக்கு நினைவிருக்கும். இந்தப் பக்கத்துக் குடியேற்றக் காலத்துக் காட்சி ஒன்றை ரொவீனா ஸ்டாட் வரைவாள், டுவெய்னின் அச்சகத்தில் முந்நூறு பிரதி மட்டும் அச்சாகும், ஒவ்வொன்றிலும் அவள் பென்சிலால் எண்ணிட்டுக் கையெழுத்துப் போடுவாள், அதன்பின் அச்சுத் தகட்டைக் கீறிக் கெடுத்துவிடுவார்கள். படத்தில் வருகிறவர்களெல்லாம் ஊர்க்காரர்கள்தான். முன்னொரு ஆண்டு ஆற்றுத்துறைப் படத்தில் குதிரைத் திருடனாக நின்ற வங்கி மேலாளரை இன்னும் யாரும் விட்டபாடில்லை, அவரைப் பார்க்கப் போகிறவர்கள், "குதிரையை வெளியில கட்டியிருக்கேன், ஒரு கண்ணு அங்கேயே இருக்கும், தப்பா நினைக்காதீங்க" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். இந்த ஆண்டுப் படத்தில் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டிய வீடு, பின்னால் காய்ந்த புல் படர்ந்த மணற்குன்றுகள், வாசலில் ஒரு பெண் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு தூரத்தில் வண்டி வருகிறதா என்று பார்க்கிறாள். அந்தப் பெண் உன் அம்மா, என் ஒடிலி.

போன ஆண்டு அக்டோபரில் அருங்காட்சியகத்துத் துணித் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றதை அவளே உனக்கு எழுதியிருப்பாள். என்னைப் பற்றி எழுதியிருக்கமாட்டாள். நான் மதியச் சாப்பாட்டுப் பையோடு போயிருந்தேன். ரொவீனா என்னைப் பார்த்து, "ஒடிலி கண்ணுக்கு ஒரு பிடிப்பு வேணும் ஆல்வின், வேலிக்கு அந்தப் பக்கம் போய் வண்டி மாதிரி நில்லுங்க" என்றாள். மூன்று மணி நேரம் நின்றேன். உட்காரலாமா கூடாதா என்று தெரியவில்லை, உட்கார்ந்தால் அவள் பார்வை தாழ்ந்துவிடுமோ என்று பயம். அம்மா வாசலிலிருந்து கத்தினாள், "உக்காரேன் ஆல்வின், வண்டின்னா அச்சாணி முறிஞ்சு உக்காராதா?" என்று. நான் உட்காரவில்லை. படத்தில் நானும் இல்லை, வண்டியும் இல்லை, புல் மட்டும் இருக்கிறது.

ஜனவரியில் முன்பதிவுப் பட்டியல் திறந்தது. கழகச் செயலாளர் என்பதால் பெயர்களை எழுதுவது என் வேலை. முதல் வரியிலேயே என் பெயரைப் போட்டுக்கொண்டால் நன்றாயிராது என்று தள்ளிவைத்தேன். அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள், நமக்கும் ஒன்று வாங்கலாமா என்று அவளைக் கேட்டேன், "ஒருத்தியை வச்சுக்கிட்டே திண்டாடுறே, இன்னொருத்தி எதுக்கு" என்று சிரித்தாள். மார்ச்சில் அவள் போனாள். நீ வரமுடியாததைப் பற்றி இனி எழுதவேண்டாம் மார்செலா, ஆறு நாள் குழந்தையோடு யாரால் கடல் தாண்டமுடியும், நான் அதை ஒரு குறையாக ஒருபோதும் நினைத்ததில்லை. அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து, தபாலில் குவிந்திருந்த விண்ணப்பங்களை வரிசைப்படி பதிந்தேன். முந்நூறாவது வரியில் ஓமாஹா நகரத்துக்காரர் ஒருவருடைய பெயரை எழுதி மை காயவைத்த பிறகுதான் என் பெயர் அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை என்று பார்த்தேன்.

ஜூனில் அச்சடித்தார்கள். நிறம் நிதானத்துக்கு வரும்வரை சில தாள்கள் கழிவாகப் போகும். அவை அனைத்தும் என் முன்னிலையில் கிழிக்கப்பட்டன, இந்த முந்நூறைத் தவிர வேறு தாள் இல்லை என்று நான் கையெழுத்திட்ட சான்றிதழ் ஒவ்வொரு பிரதியோடும் போகவேண்டும். கழிவு இருபத்திரண்டு. இருபத்தொன்றை நானே கிழித்தேன். கடைசித் தாளில் நீலம் ஏறாமல் வானம் வெளிறியிருந்தது, அவள் முகம் மட்டும் சுத்தமாக விழுந்திருந்தது. அந்த நேரம் டுவெய்ன், போன் அடிக்கிறது என்று சொல்லிப் பின்னறைக்குப் போனான். தாளைச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அவன் என்னிடம் அல்ஜீப்ரா படித்தவன், திரும்பி வந்து, "கணக்கு சரிதானே சார், நீங்க சொன்னா சரிதான்" என்றான். சரி என்றேன். அப்புறம் இரண்டு நாள் உட்கார்ந்து முந்நூறு சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டேன்.

தாளைக் கொண்டுவந்து அம்மாவின் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் வைத்தேன். ஐந்து மாதமாக அதை ஒருமுறைகூட வெளியே எடுக்கவில்லை, எடுக்கக் கூசியது. அவளைப் பார்க்கவேண்டும்போல் இருந்தால் வங்கிக்குப் போவேன், அங்கே சுவரில் நாற்பத்தொன்றாம் எண் மாட்டியிருக்கிறது. ஒருநாள் இரண்டாம் தடவை வரிசையில் நின்றபோது கவுண்டரில் இருந்த பெண், "காலையிலதானே வந்தீங்க சார், எதையாவது மறந்துட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி அடுத்த ஆண்டுக் காலண்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆண்டுக் கூட்டம். அந்த ஓமாஹாக்காரர் வந்திருந்தார், முந்நூறுக்கு மேல் அடித்து ஒளித்து வைக்கவில்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டார், கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. தலைவர் என்னைக் காட்டிச் சிரித்தார். "க்ரெய்ச்சி சார் கையெழுத்து போட்டிருக்காருங்க. அவர் தன் கடிகாரத்தையே ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் நமக்கு மணி சொல்வாரு." எல்லோரும் சிரித்தார்கள். நான் குறிப்புப் புத்தகத்தில் 'சிரிப்பு' என்று எழுதினேன், அந்தச் சொல் கோடு தாண்டிப் போயிருக்கிறது.

மறுநாள் காலை சுருளை எடுத்துக்கொண்டு ரொவீனாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள், வாங்கியவர்களில் யாரிடமாவது கேட்டு ஒன்றைத் திரும்ப வாங்கித் தருகிறேன், ஒடிலிக்காக என்றால் கொடுக்காமலா போவார்கள் என்றாள். அப்படி யாரையும் கேட்கவேண்டாம் என்று கெஞ்சினேன். "அப்ப கிழிச்சிடுங்க" என்றாள். ஓரத்தைப் பிடித்தேன், கீழே வைத்துவிட்டேன். அவள் எடுத்தாள், அவளும் வைத்துவிட்டாள். காப்பி ஆறிப்போனது. கடைசியில், "மடிங்க ஆல்வின். மடிப்பு விழுந்த தாளை எந்த வியாபாரியும் பிரதின்னு கையால தொடமாட்டான். அப்புறம் அது வெறும் ஒடிலி படம்" என்றாள். இதைக் கழகத்தில் சொல்லவேண்டாமா என்று கேட்டேன். "நீங்க தலைதலையா அடிச்சுக்கிட்டும் படத்துல அந்த வீட்டுக்கு நான் கண்ணாடி ஜன்னல் வச்சேன். அந்தக் காலத்துல அங்க ஏது கண்ணாடி? முந்நூறு பேரும் அந்தப் பொய்யை வாங்கிட்டுத்தான் போயிருக்காங்க" என்றாள். அது வேறு, இது வேறு என்று எனக்குத் தோன்றியது, அவளிடம் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அச்சகத்துக்குள் போனேன், கால் தானாகப் போனது என்றுதான் சொல்லவேண்டும். டுவெய்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டே, "ஜூன் மாசத்துல யாரு சார் கோட்டு போட்டுக்கிட்டு வருவா?" என்றான். அப்புறம், "அன்னிக்கு போன் அடிக்கவே இல்ல சார்" என்றான். வீட்டுக்கு வந்து குறிப்புப் புத்தகத்தில், எண்ணிடாத கழிவுத் தாள் ஒன்று செயலாளரால் கிழிக்கப்படாமல் எடுக்கப்பட்டது, மடிக்கப்பட்டு வெளிநாட்டுக்கு அனுப்பப்படுகிறது என்று எழுதினேன். டுவெய்னின் போனைப் பற்றி எழுதவில்லை. டிசம்பர் கூட்டத்தில் அதை வாசிக்கவேண்டும். வாசிக்கத் தைரியம் வருமா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை, ஆனால் பேனாவால் எழுதியாகிவிட்டது.

முதலில் செய்தித்தாளில் ஆறு விதமாக மடித்துப் பார்த்தேன். நாலாக மடித்தால் மடிப்பு அவள் தோளில் விழுகிறது. மூன்றாக மடித்தால் ஒன்று கதவு நிலையோடும் மற்றது புல்லோடும் போகிறது, முகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. நேற்று மத்தியானம் சமையலறை மேஜையில் அதை விரித்து, ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக அந்தத் தாளில் அவளை நிதானமாகப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன், பிறகு மடித்தேன். நானே வைத்துக்கொள்ளலாமே என்று நீ கேட்பாய். ஒரு வாரத்தில் இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடுபண்ணி மடிப்பை எடுக்கப் பார்ப்பேன், என்னை எனக்குத் தெரியும். உன்னிடம் அவளுடைய பிந்திய படம் ஒன்றும் இல்லை. எனக்கு வங்கி இருக்கிறது.

அதனால் நீயும் மடிப்பை எடுக்காதே, சட்டத்துக்குள் போட்டு இறுக்காதே, வெயில் படாத சுவரில் நாலு ஊசி குத்தி மாட்டு, அது போதும். கடிதம் நீண்டுவிட்டது, நடுவில் உன் வேலை கெட்டிருந்தால் மன்னித்துக்கொள். நீலுக்கு என் அன்பைச் சொல். கடவுள் உங்கள் மூவரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், ஐடாவின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே. மாட்டிய பிறகு எதிரே நின்று, அம்மாவின் பார்வை அறையில் எந்த இடத்துக்கு வருகிறது என்று பார். கொஞ்சம் இடப்பக்கமாக வரும் என்று நினைக்கிறேன். அதுதான் நான் நின்ற இடம். அங்கே நாற்காலி எதுவும் போடாதே. ஐடா நிற்கப் பழகும்போது அங்கே நிற்கட்டும். அவள் உட்கார்ந்துவிட்டாலும் பரவாயில்லை.

என்றும் உன் நினைவாக உள்ள
அப்பா,
ஆல்வின் க்ரெய்ச்சி